அம்மை குத்தாத கை

எங்கள் வீடு பிரெஞ்சுக்காரன் சீமையில் இருந்தது. வயல் இங்கிலீஷ்காரன் சீமையில் இருந்தது. நடுவில் ஒரு வாய்க்கால். அதுவும் பெரிய வாய்க்கால் என்று நினைத்துவிடாதீர்கள், கோடையில் ஆட்டுக்குட்டிகூடக் கால் நனையாமல் தாண்டிவிடும். கரையில் இடுப்புயரத்துக்கு ஒரு எல்லைக்கல் நட்டிருந்தார்கள். காலையில் பிரெஞ்சு மண்ணில் கூழ் குடித்துவிட்டு, பகலெல்லாம் இங்கிலீஷ் மண்ணில் களை பறித்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்கு மறுபடியும் பிரெஞ்சுக்குத் திரும்புவோம். வில்லியனூருக்கு மேற்கே பல ஊர்கள் அப்போது இப்படித்தான் இருந்தன. இன்று இதைச் சொன்னால் கதை விடுகிறேன் என்கிறார்கள். நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும், எனக்கென்ன.

இந்த ஏற்பாட்டில் எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. அம்மை குத்துகிறவரிடமிருந்து, அதாவது பெரியம்மைக்குத் தடுப்பூசி போட வருகிற சர்க்கார் ஆளிடமிருந்து, தப்பித்துக்கொள்ளலாம்.

முதல் நாள் தண்டோரா போடுவார்கள். மறுநாள் காலையில் ஒரு ஜட்காவில் தொப்பியும் மரப்பெட்டியுமாக அவர் வந்து இறங்குவதற்குள் ஊரில் பாதிப் பிள்ளைகள் வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் போயிருக்கும். அவர் எல்லைக்கல் வரைக்கும் வருவார், கல்லைப் பிடித்துக்கொண்டு நின்று கத்துவார். கல்லைத் தாண்ட அவருக்கு அதிகாரம் கிடையாது. நாங்கள் பத்தடி தள்ளி நின்று பழிப்புக் காட்டுவோம். ஒன்றிரண்டு மாதம் கழித்து இங்கிலீஷ் பக்கத்திலிருந்து இன்னொருவர் வருவார். அப்போது அந்த ஊர்ப் பிள்ளைகள் எங்கள் பக்கம் ஓடிவரும். எங்கள் தாய்மார்கள் அவர்களுக்கு மோர் கொடுத்து உட்கார வைப்பார்கள். இரண்டு சர்க்காரும் போட்டுக்கொள்ளாத ஒப்பந்தத்தை எங்கள் பெண்பிள்ளைகள் கையெழுத்தில்லாமல் போட்டிருந்தார்கள்.

அதில் முன்னால் நின்றவள் என் அம்மா. அவளுக்குக் காரணம் இருந்தது. அக்காவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு அண்ணன் பிறந்து, அம்மை குத்தியதற்கு எட்டாம் நாள் காய்ச்சலில் போய்விட்டான். காய்ச்சல் எதனால் வந்ததோ யார் கண்டது. அம்மா ஊசியைத்தான் பிடித்துக்கொண்டாள். அதுவரை குத்தாமல் தப்பியிருந்த அக்காவையும், பிறகு பிறந்த என்னையும் அவள் அந்தப் பக்கமே விடவில்லை. அவள் முகத்திலேயே சின்ன வயதில் வார்த்த அம்மையின் வடுக்கள் இருந்தன. "எனக்கு வந்துச்சி, போச்சி. ஆத்தா குடுத்தா, ஆத்தா எடுத்துக்கினா. நடுவுல ஊசிக்காரன் இன்னாத்துக்கு?" என்பாள். அப்பா ஊசி கட்சி. ஆனால் எங்கள் வீட்டில் அப்பாவின் கட்சி ஜெயித்ததாக நினைவில்லை.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். பெற்றது அம்மா என்றாலும் என்னை வளர்த்தவள் அக்காதான் என்று ஊரே சொல்லும். குளிப்பாட்டுவது, பேன் பார்ப்பது, சோறு ஊட்டுவது எல்லாம் அவள். எங்கே இருந்தாலும் "வாடீ" என்று ஒரு குரல் கொடுப்பாள், அந்த 'டீ'யைக் கொஞ்சம் இழுத்து. நான் விளையாட்டு, கோபம், பாதி தின்ற மாங்காய் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடுவேன். அந்தக் குரலுக்கு ஓடாமல் இருந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

அவளைப் பாகூரில் ஒரு கரும்புக்காரர் வீட்டில் நிச்சயம் பண்ணியிருந்தார்கள். கல்யாணத்துக்குப் புடவை எடுக்க அம்மாவும் அப்பாவும் புதுச்சேரிக்குப் போயிருந்த அன்று, தண்டோரா போடாமலேயே ஜட்கா வந்துவிட்டது. மனிதர் எங்கள் ஊரைப் படித்துவிட்டார் போலிருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே புங்கமரத்தடியில் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தார். அக்கா கொஞ்ச நேரம் வாசலில் நின்று யோசித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு நேராகப் புங்கமரத்துக்கு நடந்தாள்.

"நாமளும் குத்திக்கலாம். அம்மாகிட்ட சொல்லக்கூடாது, தெரிஞ்சிதா?"

அந்த வருஷம் பாகூர்ப் பக்கம் அம்மை நடமாட்டம் இருந்ததாக யாரோ அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அதெல்லாம் தெரியாது. ரகசியம் என்ற வார்த்தை பிடித்திருந்தது, கூடப் போனேன். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரே ஒரு பெண். அவள் கையில் ஊசி போய்க்கொண்டிருந்தபோதே உதவிக்கு வந்த ஆள் அக்காவின் ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டு, ஏதோ மருந்தில் நனைத்த பஞ்சால் தோளுக்குக் கீழே அழுத்தித் துடைத்தான். அதே நேரம் முன்னால் இருந்த பெண் வீல் என்று கத்தினாள். அவ்வளவுதான், நான் அக்காவின் கையை உதறிவிட்டுப் பிடித்தேன் ஓட்டம்.

வாய்க்காலைத் தாண்டி எங்கள் வயல் வரப்பில் வந்துதான் அக்கா என்னைப் பிடித்தாள். தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஏழு வயதுப் பெண் இடுப்பில் உட்காருகிற வயதா என்று கேட்காதீர்கள்; அவளிடம் மட்டும் உட்காருவேன். "எறும்பு கடிக்கிற மாரிதாண்டி, வா போலாம்" என்று கெஞ்சினாள். நான் கால்களால் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, அவள் கைமேல் மூக்கை வைத்து அழுதேன். துடைத்த இடம் குளுகுளுவென்றிருந்தது. சாராயக்கடையைத் தாண்டும்போது அடிக்கிற காரமும், கசக்கிய நார்த்தை இலையும் கலந்தமாதிரி ஒரு வாசனை.

எல்லைக்கல் பக்கத்தில் வந்து அம்மை குத்துகிறவர் கத்தினார். "ஏம்மா பொண்ணு, தொடச்ச கையோட ஓடிட்டியே. நீயாவது வந்து குத்திக்கினு போ."

அக்கா ஒரு அடி எடுத்து வைத்தாள். நான் ஊரைக் கூட்டினேன். நீ போனால் நான் கிணற்றில் விழுந்துவிடுவேன் என்றேன். எந்தக் கிணறு என்றுகூடச் சொன்னேன். அவள் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். ஜட்கா போகிற சத்தம் கேட்டபிறகு முந்தானையால் என் மூக்கைத் துடைத்து, "போவட்டும். அடுத்த தரம் ரெண்டு பேரும் சேந்து குத்திக்கலாம்" என்றாள். அம்மாவிடம் சொல்லமாட்டேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன்.

வைகாசியில் கல்யாணம் ஆகி அக்கா பாகூருக்குப் போனாள். ஆடிக்கு ஒருமுறை வந்து நாலு நாள் இருந்தாள். அதற்கப்புறம் கரும்பு வெட்டு, நாற்று நடவு என்று அவர்கள் அனுப்பவில்லை. நான் எப்படி இருந்தேன் என்பதைச் சொல்லத் தெரியவில்லை. சோறு இறங்கவில்லை, தலையில் பேன் புழுத்தது, யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவளை நினைத்தால் தலைக்குத் தேய்க்கிற எண்ணெயோ மஞ்சளோ எனக்கு ஞாபகம் வராது. அன்று வரப்பில் மூக்கை வைத்து அழுத அந்தக் கையின் வாசனைதான் வரும். அதுதான் அக்காவின் வாசனை என்று முடிவு பண்ணிக்கொண்டேன். நடுவில் ஜட்கா ஒருமுறை வந்தது. அம்மா என்னை வழக்கம்போல வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் அனுப்பினாள், நானும் சந்தோஷமாகப் போனேன்.

பங்குனியில் பாகூரிலிருந்து ஒரு ஆள் வந்தான். வீட்டுக்குள் வராமல் தெருவிலேயே நின்று, "பெரியவளுக்கு முத்து போட்டுக்கீது. ஆறு நாளு ஆவுது" என்றான். அம்மா உள்ளே போய் மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி மாடத்தில் வைத்தாள். பிறகு வந்து அப்பாவிடம் வண்டி கட்டச் சொன்னாள்.

"சின்னத இட்டுனு போவக்கூடாது" என்றார் அப்பா. "அதுக்கு அம்மை குத்தல."

"நாந்தான் குத்த வெக்கல. தெரியும். அது இங்கியே இருக்கட்டும்."

அம்மாவின் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் நான் அக்காவைப் பார்க்க வேண்டும். எட்டு மாதமாக அதைத் தவிர எனக்கு வேறு வேலையே இல்லை. பக்கத்து வீட்டு அத்தையிடம் என்னை ஒப்படைத்துவிட்டு அவர்கள் சாமான் எடுத்து வைப்பதற்குள், கொல்லையில் பொறுக்கி வைத்திருந்த கொடுக்காப்புளியைப் பாவாடையில் முடிந்துகொண்டு வண்டியில் ஏறி வைக்கோலுக்குள் புதைந்துவிட்டேன். கொடுக்காப்புளி என்றால் அக்காவுக்கு உயிர்.

வில்லியனூரிலிருந்து பாகூருக்குப் போகிற வழியில் இங்கிலீஷ் நிலம் குறுக்கே குறுக்கே வரும். ஒரு இடத்தில் சுங்கச் சாவடி இருந்தது. புதுச்சேரிப் பக்கமிருந்து வருகிற வண்டியில் பிராந்திப் பாட்டில் இருக்கிறதா என்று வைக்கோலைக் கம்பால் குத்திப் பார்ப்பார்கள். குத்தினார்கள். நான் கத்தினேன்.

சாவடிக்காரன் என்னைக் காலைப் பிடித்து இழுத்து வெளியே நிறுத்தினான். அப்பா முகத்தில் ஈயாடவில்லை. "பாட்டில் இல்ல, பொண்ணுதான்" என்று அவன் உள்ளே இருந்தவனிடம் சொன்னான். "புள்ளைக்கி வரி இல்ல. போங்க."

திரும்பினால் பொழுது போய்விடும், அங்கே பெரியவள் என்ன நிலையில் இருக்கிறாளோ. அம்மா என் முதுகில் நாலு வைத்தாள். வைத்துவிட்டு, பாகூர் வருகிறவரைக்கும் என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடி வலித்தது.

அக்கா வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. அப்பா தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டார். அம்மா மட்டும் இறங்கிப் போனாள். அக்காவின் மாமியார் வாசலில் நின்றாள், வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாவும் எதுவும் பேசாமல் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சம்பந்தி வீட்டில் சண்டை என்று நான் நினைத்தேன். அம்மை வார்த்த வீட்டில் யாரையும் வா என்று கூப்பிடக்கூடாது, போய்ட்டு வரேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பவும் கூடாது. கூப்பிட்டால் அம்மை வந்துவிடும் என்பார்கள். இது ஊரறிந்த வழக்கம். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

அப்பா என்னை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய் ஒரு பனைமரத்தடியில் உட்கார வைத்தார். மாட்டைத் தண்ணீர் காட்ட அவிழ்த்தவர் யாரோ தெரிந்தவரைப் பார்த்து மதகு பற்றிப் பேச ஆரம்பித்தார். ஏரிப் பேச்சு எடுத்தால் எங்கள் பக்கத்து ஆம்பிளைகளுக்கு நேரம் தெரியாது. நான் நழுவினேன். கல்யாணத்தின்போது பார்த்த வீடு, பின்பக்கம் எனக்குத் தெரியும். மாட்டுக்கொட்டகை, வைக்கோல்போர், அதைத் தாண்டி மண்சுவரில் ஒரு சின்ன ஜன்னல். அதிலும் வேப்பிலை இருந்தது.

"அக்கா, நாந்தான்" என்றேன்.

உள்ளே ஓலைப்பாய் சரசரத்தது. அம்மா தண்ணீர் எடுக்கவோ என்னவோ வெளியே போயிருந்தாள் போலிருக்கிறது, வேறு சத்தம் இல்லை. பிறகு ஒரு குரல் வந்தது. தொண்டை கட்டி, யாருடைய குரலோபோல இருந்தது.

"கிட்ட வராத. அங்கியே நில்லு."

வைக்கோல்போரை ஒட்டி நின்றேன். "உள்ள வரட்டா?"

உள்ளே ஓலைப்பாய் மறுபடி சரசரத்தது.

"வாடின்னு சொல்லுக்கா. ஒரு தரம் சொல்லேன், ஓடியாந்துடறேன்."

அவள் சொல்லவில்லை. நான் இன்னொரு முறை கேட்டேன். அவள் வேறு எதையோ கேட்டாள்.

"உனுக்கு அம்மை குத்திட்டாங்களா?"

"இல்ல."

"ஏண்டி, மறுபடி வரலியா அவுங்க?"

"வந்தாங்க. நான் அந்தாண்ட ஓடிட்டேன்."

அக்கா என்னிடம் அதுவரை பேசாத கடுமையோடு பேசினாள். "போடி. போ இங்கிருந்து. கையில குத்திக்கினு, வடு வந்தப்புறம் அத்த எங்கிட்ட காட்டு. அதுக்கப்புறந்தான் உன் மூஞ்சியப் பாப்பேன். இல்லன்னா எனுக்கு நீ வாணாம்."

வாணாம் என்று சொல்லிவிட்டாள். எட்டு மாதம் காத்திருந்து, வைக்கோலில் புதைந்து, குத்துப்பட்டு வந்தவளை வேண்டாம் என்கிறாள். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. நசுங்கிப்போன கொடுக்காப்புளியை மாட்டுத்தொட்டி விளிம்பில் கொட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். போய்ட்டு வரேன் என்று சொல்லவில்லை. வழக்கம் தெரிந்து செய்ததல்ல, வீம்பில் செய்தது. அந்த வீம்பை நினைத்து இந்த வயதிலும் என்னையே நான் திட்டிக்கொள்கிறேன்.

அம்மா அங்கேயே தங்கிவிட்டாள். அப்பாவும் நானும் திரும்பினோம். வண்டியில் அவரிடம், "எனுக்கு அம்மை குத்தணும்" என்றேன். அவர் மாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. ஜன்னலுக்குப் போனதை மட்டும் மெல்ல மெல்லக் கேட்டுத் தெரிந்துகொண்டார். மறுநாளே வில்லியனூருக்குப் போய் விசாரித்தார். குத்துவதற்கான அம்மைப்பால் மருந்து செவ்வாய்க்கிழமைதான் வரும் என்று சொல்லிவிட்டார்கள். நடுவில் நாலு நாள். காலையில் எழுந்ததும் என் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், கழுத்தைப் பார்ப்பார், உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பார். எனக்கு எதுவும் வந்துவிடக்கூடாது என்று அவர் கிடந்து தவித்தார். எனக்கோ செவ்வாய்க்கிழமை சீக்கிரம் வரவில்லையே என்றுதான் தவிப்பு. ஊசியைக் கண்டு ஓடிய அதே பெண்தான் நான். அதை நினைத்தால் சிரிப்பாகக்கூட இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்துவிட்டாள். வாய்க்காலில் வேப்பிலையும் மஞ்சளும் கரைத்துத் தலைமுழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தாள்.

அக்கா வெள்ளிக்கிழமையே போய்விட்டிருந்தாள். அது எனக்குத் தெரியாது. அம்மை கொண்டுபோன உயிருக்கு வாய்விட்டு அழக்கூடாது என்பது அந்தக் காலத்துக் கட்டுப்பாடு. மேளம் கிடையாது, ஒப்பாரி கிடையாது, உறவுக்காரர்கள் கூட மாட்டார்கள். ஆத்தா கூட்டிக்கொண்டாள் என்று வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். அழுகையும் இல்லை கூட்டமும் இல்லை என்றால் ஒரு சின்னப்பெண் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள்? "அக்கா எப்பிடி கீறா?" என்று ஓடிப்போய்க் கேட்டேன். அம்மா என் கையைப் பிடித்து, தோளுக்குக் கீழே தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை அப்பா வண்டி கட்டப் போனபோது, "நான் இட்டுனு போறேன்" என்றாள் அம்மா. பிள்ளைகளை ஒளித்து வைப்பதில் பேர்போனவள், தன் கையாலேயே என்னை நடத்திக் கூட்டிப்போனாள். தெருவில் பெண்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். நான் நிமிர்ந்து நடந்தேன்.

வில்லியனூரில் ஊராட்சி பார்க்கிற கொம்யூன் ஆபீசுக்குப் பக்கத்தில் கூரைபோட்ட இடத்தில் வரிசை நின்றது. அதே தொப்பிக்காரர், அதே பஞ்சுக்காரன். என் முறை வந்தது. சட்டைக் கையை ஏற்றிவிட்டுப் பஞ்சால் துடைத்தான். குளுகுளுவென்றது. காரமாக, நார்த்தை இலை மாதிரி.

"அம்மா, அக்கா வாசன" என்றேன்.

"இன்னாடி?"

"அக்கா வாசனம்மா. மோந்து பாரு. அன்னிக்கி அக்கா கையிலயும் இத்தத்தான் தொடச்சாங்க."

"என்னிக்கி?"

சத்தியம் பண்ணியிருந்தேன்தான். ஆனால் அந்த வாசனை வந்ததும் எனக்குச் சத்தியமெல்லாம் மறந்துபோனது. புடவை எடுக்கப் போன அன்று அக்கா வரிசையில் நின்றதை, கையைத் துடைத்ததை, நான் ஓடியதை, அவள் பின்னாலேயே ஓடிவந்து வரப்பில் உட்கார்ந்ததை, ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கையில் சுருக்கென்றது. அதுதான் ஊசி என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

"அவ கையத் தொடச்சிட்டாங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"தொடச்சிட்டாங்க. குத்தறத்துக்குள்ள நான் ஓடிட்டேன்."

அம்மா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரகசியமாகப் போனதற்காக அக்காமேல் கோபம் என்று நினைத்து, "அக்காவ திட்டாதம்மா, நாந்தான் ஓடனேன்" என்று பக்கத்தில் குந்தினேன். அவள் என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள், குத்திய கையில் படாமல். அப்புறம் அழுதாள். வெள்ளிக்கிழமையிலிருந்து கட்டி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து, ஊருக்கே கேட்கிறமாதிரி அழுதாள்.

வரிசையில் நின்றவர்களுக்குச் சிரிப்பு. பிள்ளை அழாமல் நிற்கிறது, தாய் ஊசியைப் பார்த்து அழுகிறாளே என்று. பஞ்சுக்காரன் இரக்கத்தோடு, "சின்னக் குத்துதாம்மா, உன் பொண்ணுக்கு ஒண்ணும் ஆவாது" என்றான்.

நான் அம்மாவின் பிடியிலிருந்து கையை மட்டும் வெளியே நீட்டி, யாரும் தொட்டுவிடாமல் ஊதிக்கொண்டிருந்தேன். வடு எப்போது வரும் என்று தொப்பிக்காரரிடம் கேட்டேன். ஒரு மாதம் ஆகும் என்றார். பாகூருக்குப் போய்க் காட்ட இன்னும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும், அதற்குள் கொடுக்காப்புளி எல்லாம் உதிர்ந்துவிடும். அன்று எனக்கிருந்த வருத்தம் அது ஒன்றுதான்.